சகோதரி ரோஸெட்டா தார்ப் அம்மையார்

மக்களின் பிறப்பும் இறப்பும் ஏட்டிற் பதியத்தக்கன. இசையின் பிறப்பும் இறப்பும் அத்தன்மையன அல்ல. ஆயினும், ராக் அண்டு ரோல் என்னும் அமெரிக்க இசை இறந்தொழிந்ததென்று கூறுவார் ஒருபாலும், அஃது இன்னும் வளர்ந்து வருகின்றதென்று கூறுவார் மற்றொருபாலுமாக நின்று வாதிடக் காண்கின்றோம். இவ்வாதம் இன்று நேற்று எழுந்ததன்று. அவ்விசை இளமைப் பருவம் கடவாத முன்னரே எழுந்தது. இவ்வழக்கைத் தீர்க்க விரும்புவார், அவ்விசையைப் பெற்றெடுத்தார் யாவர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பிறந்த வேளையை அறியாது பிள்ளையின் ஆயுளைக் கணிப்பார் எவருமிலர். ஆதலின், அவ்விசைக்குத் தாயென்று இன்று பலரும் போற்றுபவரும், திருச்சபையின் மடியில் வளர்ந்தவரும், இறந்த பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் பொறித்த கல்லொன்றுமின்றி மண்ணில் துயின்றவருமாகிய சகோதரி ரோஸெட்டா தார்ப் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் ஆர்க்கன்ஸா என்பதொரு மாகாணம். அதன்கண் காட்டன் பிளாண்ட் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. அவ்வூரின் பெயர் பருத்திச் செடி எனப் பொருள்படும். பருத்தி வயல்களிற் பாடுபட்ட கறுப்பின மக்கள் நிறைந்த அவ்வூரில், 1915-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் நம் அம்மையார் பிறந்தார். அன்னை கேட்டி பெல் நியூபின் என்பார், பாடவும், மாண்டலின் என்னும் நரம்புக் கருவியை மீட்டவும், சுவிசேஷத்தை எடுத்துரைக்கவும் வல்லவர். சார்லஸ் ஹாரிஸன் மேஸன் என்னும் போதகர் நிறுவிய கிறிஸ்துவுக்குள் தேவ சபையில் அவ்வன்னையார் ஊழியம் புரிந்தார். அச்சபையினர், ஆராதனையில் உள்ளம் மட்டுமன்றி உடலும் பங்குகொள்ளுதல் தகும் என்னும் கொள்கையினர். சங்கீதப் புத்தகத்தின் இறுதிச் சங்கீதம் கூறுமாறு நரம்புக் கருவியும் தம்புருவும் கைத்தாளமும் நடனமும் அவர்தம் ஆலயங்களில் இடம்பெற்றன. பெண்கள் பாடுதற்கும் போதித்தற்கும் அச்சபை இடமளித்தது. ஏனைய சபைகள் பல இவ்வழக்கத்தை நாகரிகமற்றதென்று எள்ளிய காலம் அது.

இச்சூழலில் நான்கு வயதிலேயே ரோஸெட்டா கிட்டாரைக் கையிலெடுத்தார். ஆறு வயதளவில் அன்னையுடன் ஊரூராகச் சென்று நற்செய்திக் கூட்டங்களிற் பாடலானார். சிறு பெண்ணொருத்தி கிட்டார் வாசித்தல் அக்காலத்தில் அரிய காட்சி. மக்கள் அதனை அற்புதமென்றே கொண்டாடினர். பின்னர்த் தாயும் மகளும் வடபாலுள்ள சிக்காகோ நகரில் குடியேறினர். தென்பகுதியின் வறுமைக்கும் இனக்கொடுமைக்கும் அஞ்சி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடநகரங்களை நாடிய காலம் அது. அவர்கள் தத்தம் ஊர்ப் பாடல்களையும் உடன்கொண்டு வந்தனர். அதனால், ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஞானப்பாட்டைக் கேட்ட அச்சிறுமியின் செவிகளில், நகரத் தெருக்களில் ஒலித்த புளூஸ், ஜாஸ் முதலிய உலகியற் பாடல்களும் வந்து புகுந்தன. இவ்விரு வெள்ளங்களும் ஓருள்ளத்திற் கலந்தமையே பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் வித்தாயிற்று.

1934-ஆம் ஆண்டில் தாமஸ் தார்ப் எனத் தமிழில் வழங்கத்தகும் பெயருடைய போதகர் ஒருவரை அவர் மணந்தார். அம்மணவாழ்வு நெடிது நிலைக்கவில்லை. கணவரின் பெயர் மட்டும், எழுத்துச் சிறிது திரிந்து, அவருடன் நிலைத்தது. 1938-ஆம் ஆண்டில் அன்னையுடன் நியூயார்க்கு நகரை அடைந்தார். அவ்வாண்டே அவர்தம் வாழ்வில் திருப்பமாக அமைந்தது. அக்டோபர்த் திங்களில் காட்டன் கிளப் என்னும் புகழ்பெற்ற இரவுக் கேளிக்கை மன்றத்தில் பாடினார். அதே திங்களின் இறுதி நாளில் டெக்கா நிறுவனத்தாரின் இசைத்தட்டுக்களுக்காக நான்கு பாடல்களைப் பாடினார். டிசம்பர் 23-ஆம் நாள், ஜான் ஹாமண்டு என்பார் கார்னகி மன்றத்தில் நடத்திய பெருங் கச்சேரியிலும் பாடினார். மூன்று திங்களுக்குள் ஆலயத்துச் சகோதரி நாடறிந்த பாடகியாயினார்.

அந்நான்கு பாடல்களுள் ஒன்று ராக் மீ என்பது. நற்செய்தி இசையின் தந்தையெனப்படும் தாமஸ் டார்சி இயற்றிய ஞானப்பாட்டின் மாற்றுருவம் அது. ராக் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அசைத்தல், தாலாட்டுதல் என்பன பொருள். கடவுளின் மார்பில் குழந்தைபோல் தாலாட்டப்பெறுதலை ஆலயத்தார் அச்சொல்லாற் குறித்தனர். ஆட்டக் களியாட்டத்தையும் காமத்தையும் கேளிக்கை மன்றத்தார் அதே சொல்லாற் குறித்தனர். பிற்காலத்தில் ஓரிசைக்கே பெயரான அச்சொல், இவ்வாறு இருபுறமும் கால்வைத்து நின்றது. அதனைப் பாடிய அம்மையாரின் நிலையும் அதுவே.

ஆலயத்தார் பலர் இதனைப் பொறுத்திலர். கடவுளைத் துதிக்கும் பாடலை மதுக் கோப்பைகளுக்கும் ஆட்ட மகளிர்க்கும் இடையே பாடுதல் தகுமோ என்று வினவினர். இவ்வினாவை வெறும் குறுகிய மனப்பான்மை என்று ஒதுக்கிவிட யாம் துணியோம். தூயதெனப் போற்றிய ஒன்று விலைப்பொருளாதலைக் காணும் பக்தருள்ளம் வருந்துதல் இயல்பே. மேலும், லக்கி மில்லிண்டரின் வாத்தியக் குழுவுடன் அவர் பாடிய காலத்தில், பக்திக்குச் சற்றும் இயைபில்லாத வேடிக்கைக் காதற் பாடல்களையும் பாட நேர்ந்தது. உயர்ந்து மெலிந்த காதலனை விரும்பும் பெண்ணின் கூற்றாக 1942-ஆம் ஆண்டில் பதிவான பாடல் அவற்றுள் ஒன்று. அதனைக் கேட்டு அவரை நேசித்த சபையாரும் முகஞ்சுளித்தனர். 1943-ஆம் ஆண்டில் அவர் அக்குழுவினின்று நீங்கி, நற்செய்திப் பாடல்களுக்கே மீண்டார். மீண்டவர் வெறுங்கையோடு மீளவில்லை. மேடையிற் பயின்ற மின்சாரக் கிட்டாரின் முழக்கத்தையும் தம்முடன் கொண்டு வந்தார்.

அவ்வாசிப்பின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அக்காலத்தில் கிட்டார் பெரும்பாலும் பாட்டுக்குத் துணையாகத் தாளம் காட்டும் கருவியாகவே வாத்தியக் குழுக்களில் இருந்தது. எக்காளங்களின் ஒலிக்குமுன் அதன் ஒலி எழாது. நரம்பின் அதிர்வை மின்னாற்றலால் பெருக்கிய பின்னரே, ஒற்றை நரம்பின் நாதமும் பெருமன்றத்தின் கடைசி இருக்கைவரை எட்டலாயிற்று. அம்மையார் ஓரடியைப் பாடி நிறுத்துவார். நிறுத்திய இடத்தில் கிட்டார் விடையிறுக்கும். போதகர் ஒரு சொல் கூற, சபையார் மறுமொழி கூறும் ஆலய வழக்கமே அது. சபையாரின் இடத்தில் கிட்டார் நின்றது. நான்கு தட்டுக்களில் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கி ஒலிக்கும் கைத்தட்டலும் ஆலயத்தினின்று வந்ததே. குரலோடு உரையாடும் மின்கிட்டாரும், பின்தட்டில் ஊன்றிய தாளமும், உடலை அசையச்செய்யும் விரைவும் ஒருங்கே கூடின. இவையல்லவோ பின்னர் ராக் அண்டு ரோல் எனப் பெயர் பெற்றன!

1944-ஆம் ஆண்டில், சாமி பிரைஸ் என்னும் பியானோ வல்லுநர் துணைநிற்க, நாடோறும் விந்தைகள் நிகழ்கின்றன எனப் பொருள்படும் தலைப்புடைய பாடலை அவர் பதிவு செய்தார். 1945-ஆம் ஆண்டில் அவ்விசைத்தட்டு, கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுக்களுக்கென்று பில்போர்டு இதழ் தனியே வெளியிட்ட பட்டியலில் இரண்டாம் இடத்தை எய்தியது. நற்செய்திப் பாடலொன்று உலகியற் பாடல்களுக்கிடையே அவ்வளவு உயர்ந்தது அதுவே முதன்முறை. ராக் அண்டு ரோல் இசையின் முதல் தட்டு இதுவே என்பாரும் உளர். இஃது உண்மையாயின், எல்விஸ் பிரெஸ்லி தம் முதற் புகழ்ப்பாடலை 1954-ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரிற் பாடுதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே அவ்விசை பிறந்துவிட்டதாம்.

ஓர் இசை தட்டில் மட்டும் வாழ்வதன்று. கைம்மாறிக் கைம்மாறி வாழ்வது. 1947-ஆம் ஆண்டில், ஜார்ஜியா மாகாணத்து மேக்கன் நகர மன்றத்தில் அம்மையார் பாடச் சென்றபோது, ஆங்குப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பாடக் கேட்டு, அவனை மேடையேற்றித் தம் கச்சேரியிலேயே பாடச் செய்தார். பாடியதற்குப் பணமும் அளித்தார். அச்சிறுவனே பின்னாளில் லிட்டில் ரிச்சர்டு என்று உலகறிந்தவன். ஜார்டனயர்ஸ் என்னும் வெள்ளையர் பாடற்குழு, நிறவேற்றுமை கடுமையாக நின்ற அந்நாளிலும் அவருடன் கச்சேரிகள் நடத்தியது; அக்குழுவினரே பின்னர் எல்விஸின் பாடல்களுக்குப் பின்னணி பாடினர். ஜானி காஷ் என்னும் பாடகரும் தம் இளமையில் அம்மையாரின் இசையால் ஈர்க்கப்பட்டவர். இவ்வாறு ஒரு விளக்கினின்று பல விளக்குகள் ஏற்றப்பட்டன. ஏற்றிய விளக்கோ, கச்சேரி முடிந்த பின் தங்குதற்கு விடுதி கிடையாமல், தம் பேருந்திலேயே படுத்துறங்கிய இரவுகள் பல. கைகொட்டிக் கேட்டாருக்கு அவருடைய பாடல் வேண்டியிருந்தது. அவருக்கோர் அறையளிக்க மனம் வரவில்லை.

மேரி நைட் என்னும் பாடகியுடன் இணைந்து அவர் பாடிய பாடல்கள் 1940-களின் பிற்பகுதியில் பெரும்புகழ் எய்தின. அப்புகழின் உச்சியில் 1951-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், வாஷிங்டன் நகரின் கிரிஃபித் விளையாட்டரங்கில், ரஸல் மாரிஸன் என்பாரை மணந்தார். ஏறக்குறைய 25,000 மக்கள் கட்டணம் செலுத்தி அத்திருமணத்தைக் கண்டனர். மணம் முடிந்தவுடன் கச்சேரியும் நடந்தது. புனிதமான மணவினையைக் காட்சிப் பொருளாக்கியது எமக்கு உவப்பன்று. ஆயினும், நகரின் விடுதிகள் கதவடைத்த இனத்தைச் சார்ந்த பெண்மணியொருவர் ஓர் அரங்கையே மக்களால் நிரப்பினார் என்பதும் மறக்கற்பாலதன்று.

பின்னர்க் காலம் மாறிற்று. ராக் அண்டு ரோல் என்னும் பெயரை ஆலன் ஃபிரீடு என்னும் வானொலி அறிவிப்பாளர் எங்கும் பரப்பினார். 1955-ஆம் ஆண்டில் சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் புகழ்பெற்றனர். அடுத்த ஆண்டில் எல்விஸ் நாட்டையே ஆட்டிவைத்தார். நாற்பது வயதை எய்திய அம்மையாரை இளைஞர் நோக்கவில்லை. அவர் வகுத்த வழியில் பிறர் நடந்து செல்வமும் புகழும் ஈட்டினர், வழிவகுத்தவர் பின்தங்கினார். விந்தை யாதெனின், அப்புதிய இசைக்கும் விரைவிலேயே இறப்புச் செய்தி வாசிக்கப்பட்டமையே. 1957-ஆம் ஆண்டில் லிட்டில் ரிச்சர்டு சமய வாழ்வை நாடி மேடையைத் துறந்தார். 1958-ஆம் ஆண்டில் எல்விஸ் படையிற் சேர்க்கப்பட்டார். 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பட்டி ஹாலி முதலிய மூவர் ஐயோவா மாகாணத்தில் விமான விபத்தில் மாண்டனர். இசையே அன்று மாண்டதெனப் பலர் வருந்தினர்.

மாண்டதோ எனின், மாளவில்லை, கடல் கடந்தது. 1957-ஆம் ஆண்டிலேயே கிரிஸ் பார்பரின் ஜாஸ் குழுவினர் அழைக்க, அம்மையார் இங்கிலாந்து சென்று பாடியிருந்தார். 1964-ஆம் ஆண்டில் மட்டி வாட்டர்ஸ் முதலியோருடன் மீண்டும் சென்றார். அவ்வாண்டு மே 7-ஆம் நாள், மான்செஸ்டர் நகரில், இரயில்கள் நில்லாது கைவிடப்பட்ட வில்பிரஹாம் சாலை நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சியார் ஒரு கச்சேரி நடத்தினர். ஒரு நடைமேடையில் பாடகர். இருப்புப் பாதைக்கு எதிர்ப்புறத்து நடைமேடையில் இளைஞர் கூட்டம். வானம் மழை பொழிந்தது. ஐம்பதை அணுகிய அம்மையார் குதிரை வண்டியில் வந்திறங்கி, மின்கிட்டாரைத் தோளில் மாட்டி, நோவாவின் காலத்துப் பெருமழையைப் பாடும் பழைய ஞானப்பாட்டையே எடுத்துப் பாடினார். மழையில் நனைந்த இளைஞர் கலையாது நின்று கைதட்டினர். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் நால்வர், அமெரிக்கர் மறந்த இசையை அமெரிக்கருக்கே கொண்டுசென்று கொடுத்தனர். தாய் இங்கிலாந்தின் மழையில் நிற்க, பேரர் அமெரிக்காவின் அரங்கில் நின்றனர்!

1970-ஆம் ஆண்டில் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கிற்று. நீரிழிவு நோயால் ஒரு காலும் அகற்றப்பட்டது. பின்னரும் பாடுதலை அவர் விட்டிலர். புதியதோர் இசைத்தட்டுக்குப் பாடுவதாக இருந்த வேளையில், மீண்டும் பக்கவாதம் கண்டு, 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், பிலடெல்பியா நகரில் இறைவனடி சேர்ந்தார். அந்நகரின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவருடல் அடக்கப்பட்டது. இருபத்தையாயிரவர் கூடி மணக்கோலங் கண்ட அப்பெருமாட்டியின் தலைமாட்டில் ஒரு கல் நாட்டுவாரும் இலராயினர்.

உலகம் மெல்லவே விழித்தது. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அவர்தம் உருவம் பொறித்த தலை வெளியிட்டது. 2007-ஆம் ஆண்டில் கேல் வால்டு என்னும் பேராசிரியை அவர்தம் வாழ்க்கையை விரிவாக எழுதினார். 2008-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அன்பர்கள் கச்சேரியொன்று நடத்திப் பொருள் திரட்ட, அதன் பயனாகக் கல்லறைக்குக் கல் அமைந்தது. கிளீவ்லாந்து நகரிலுள்ள ராக் அண்டு ரோல் புகழ்மன்றமோ, எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்டு முதலியோரை 1986-ஆம் ஆண்டில் முதலணியாக ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு முன்னோடியாகிய அம்மையாரை ஏற்றுக்கொள்ள அதற்கு மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 2018-ஆம் ஆண்டிலேயே அவர் பெயர் ஆங்குச் சேர்ந்தது.

அத்தெரிவு அறிவிக்கப்பட்ட 2017-ஆம் ஆண்டு, எம் வினாவுக்கு மிக இன்றியமையாத ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சக் பெர்ரி மறைந்தார். அவ்வாண்டு நடுவில் நீல்சன் நிறுவனத்தார் வெளியிட்ட கணக்கில், ஐக்கிய நாடுகளில் மிகுதியாகக் கேட்கப்படும் இசை என்னும் இடத்தை ராக் இழந்தது. ஹிப் ஹாப்பும் ஆர் அண்டு பி என்பதும் சேர்ந்த பிரிவு அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. ராக் இறந்ததென்பார்க்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. அதே ஆண்டின் இறுதியிற்றான், மறக்கப்பட்ட தாய்க்கு மன்றத்தில் இடம் அளிக்கப்பட்டது. மகன் அரியணையினின்று இறங்கிய ஆண்டே தாய் அடையாளங் காணப்பட்ட ஆண்டாயிற்று.

இவ்வழக்கில் எம் கருத்தைத் தயக்கத்துடன் கூறுகின்றோம். ஆட்சி வேறு, உயிர் வேறு. ஆட்சி இழந்ததனை உயிர் இழந்ததென்று கூறுதல் பிழை. தமிழ்ச் செய்யுளில் அகவலின் ஆட்சி குன்றி விருத்தம் ஓங்கிய காலத்தில், செய்யுளே இறந்ததென்று எவரும் பறையறையவில்லை. கிட்டாரேந்திய இளைஞர் நால்வர் நிற்கும் ஓருருவத்தையே ராக் அண்டு ரோல் எனக் கொள்வார்க்கு அஃது இறந்ததாகவே தோன்றும். அம்மையாரின் வரலாற்றினின்று தொடங்குவார்க்கு அவ்வாறு தோன்றாது. ஆலயத்திற் பிறந்து, கேளிக்கை மன்றம் புகுந்து, மின்னாற்றல் பெற்று, நிறம் மாறி, கடல் கடந்து, மீண்டும் தாயகம் வந்த ஒன்றுக்கு, உருமாறுதல் இறப்பன்று. அதுவே அதன் இயல்பு. இன்று வேறு பெயர் பூண்டு நிற்கும் இசைகளிலும், குரலுக்கு விடையிறுக்கும் கருவியையும் பின்தட்டில் ஊன்றும் தாளத்தையும் கேட்கலாம்.

ஆயினும், மாற்றம் அனைத்தையும் வளர்ச்சியென்று வாழ்த்துவதும் எமக்கு உடன்பாடன்று. வளரும்போது வேரை மறத்தல் ஒருவகை இறப்பே. ராக் அண்டு ரோல் இறந்த காலம் ஒன்றுண்டெனின், பட்டி ஹாலி வீழ்ந்த நாளன்று. நீல்சன் கணக்கு வெளிவந்த நாளுமன்று. தன்னைப் பெற்றாளின் கல்லறையைத் தேடாது அது செல்வத்திற் களித்திருந்த அம்முப்பதாண்டுக் காலமே என்போம்.

திருச்சபையினராகிய நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. தன் மகள் உலகத்தின் மேடையேறியபோது சபை அவரைக் கடிந்தது. கடிந்ததில் நியாயமும் சிறிதுண்டு. ஆனால் அவர் மேடையேறியும் தம் ஆண்டவரை மறந்திலர். இரயில் நில்லாத நிலையத்தில், மழையில், அந்நியர் முன்னிலையில், வேதாகமக் கதையையே பாடினார். கோதுமை மணி களஞ்சியத்திற் பாதுகாப்பாகக் கிடந்தால் அது தனித்தே கிடக்கும். மண்ணில் விழுந்தாற்றான் பலன் தரும் என்பது நம் ஆண்டவர் உணர்த்திய உண்மை. அம்மணி விழுந்த நிலம் நாம் விரும்பிய நிலமாக இல்லாதிருக்கலாம். விளைந்த கதிரின் பெயரும் நமக்குப் புதிதாயிருக்கலாம். கதிரைக் கையிலேந்தி உண்பவர், மணியை ஒருகால் நினைத்தல் கடனன்றோ?